கடல் தாண்டி வந்த மாமன் குச்சு

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில், பெரம்பலூர் உத்திராபதி ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு, கடலைக் கடந்து, தன் அக்காள் ஊரான வெள்ளாங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். பெரம்பலூரில் கடல் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ரயிலே வராத ஊருக்குக் கடல் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். வெள்ளாங்குறிச்சி பெரம்பலூருக்குக் கிழக்கே, காரை என்கிற ஊர்ப் பக்கத்துச் செம்மண் பள்ளங்களைத் தாண்டி, அரியலூர்ச் சுண்ணாம்புப் பூமி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே ஆறுகூடக் கிடையாது. ஒரு ஓடை உண்டு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தான் ஓடை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருவன் மார்பளவுக் கடலில் நடந்து வந்தான் என்பது பருத்தி விலை போல, பஸ் வருகிற நேரம் போல, அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதன்முதலில் அதைப் பொய் என்று சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் உத்திராபதியின் அக்காள் புருஷன் நடராசன். அவரிடம் பிறகு வரலாம். கதை வெட்கத்தில் தொடங்கியது, ஆகையால் நாமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

உத்திராபதி வெள்ளாங்குறிச்சியில் பிறந்தவன். அவனுடைய அப்பனும் பாட்டனும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். அவன் ஒருவன்தான் டவுனுக்கு ஓடிவந்து, லாரிக்கு பாடி கட்டுகிற வேலை கற்று, மெட்ராஸ் ரோட்டின் மேலேயே பட்டறை போட்டான். டெரிலின் சட்டை போட்டான். அந்தச் சட்டை காற்றில் நடக்கும்போது உள்ளே உத்திராபதி இருக்கிறானா என்றே தெரியாது, அவ்வளவு மிடுக்கு. எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில், ஊரையே கரைத்து ஊற்றிய மழைக்கு நடுவே, அக்காள் செங்கமலத்தின் மூத்த மகள் மலர்கொடி வயசுக்கு வந்தாள். தாய்மாமன் குச்சு கட்ட வேண்டும். பச்சை ஓலையைத் தன் கையால் வெட்டி, தன் தலையில் சுமந்து, தன் கையால் கட்டுகிற சின்னக் குடிசை அது. பெண் அதற்குள்தான் உட்காருவாள். மாமன் எவ்வளவு பெரிய சீர் கொண்டுவந்தாலும் அந்த ஓலைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். உத்திராபதி ஓலையை வெட்டினான். பஸ்ஸின் மேல் போட்டான். ரோட்டில் இறங்கினான். அங்கிருந்து ஐந்து மைல், முழங்கால் சேறு, வழியெல்லாம் தெரிந்த முகங்கள். டெரிலின் சட்டையைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். பிறகு டீக்கடையில் நின்ற ஒரு கூலியாளைக் கூப்பிட்டு, ஓலையை அவன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பிவிட்டான்.

கூலியாள் நல்லவன். ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு நிற்காமல் குச்சையும் அழகாகக் கட்டினான். செங்கமலம் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு ஓலையாக உருவி ஓடையில் எறிந்தாள். "எம் மவ ஆகாசத்துக்குக் கீழ உக்காந்தாலும் உக்காருவா, கூலிக்கு வந்த ஓலைக்குக் கீழ உக்கார மாட்டா" என்றாள். மலர்கொடி ஒரு சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, சடங்கு முடிகிற வரை, வேப்பமரத்தடியில் மழையில் உட்கார்ந்திருந்தாள். ஊரே பார்த்தது. அன்றோடு அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

அந்தச் செய்தி பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தபோது உத்திராபதிக்கு வியர்த்தது. வியர்ப்பது அதிசயமில்லை. நிற்காததுதான் அதிசயம். அதற்குப் பிறகு யாராவது அவன் காதுபட "மாமன்" என்று சொன்னால் போதும், நெற்றியில் ஆரம்பித்து உள்ளங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி பாடினால் ஊற்றும். பஸ்ஸில் எவனோ எவனையோ "மாமா, தள்ளி உக்காரு" என்றால் ஊற்றும். பட்டறைத் தரையில் உப்புப் பூத்தது. சுவரில் உப்பு ஏறியது. துறைமங்கலத்து ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்று பட்டறைச் சுவரை நக்கின. நக்கி நக்கி வடக்குச் சுவர் இடுப்பளவுக்கு மெலிந்துபோனது. ஆட்டுக்காரர்கள் வந்து, சுவருக்கு மண் பூசிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் தலை நிமிர்ந்து யாரையும் பார்ப்பதில்லை. லாரிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தான். அதனால் ஜில்லாவிலேயே லாரியின் அடிவயிற்றை அவனைப் போல அறிந்தவன் கிடையாது என்று பெயர் வந்தது. வெட்கத்தில் வந்த பெயர் என்பதால் அதற்கும் ஒரு தரம் வியர்த்தது.

இந்த நிலையில்தான் முட்டை வண்டி அவன் கைக்கு வந்தது. ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலத்தில் வெள்ளைக்காரன் ஒருவன், கல் ஆராய்ச்சி செய்கிறவன், காருக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு பெரம்பலூருக்கு வந்தான். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, முட்டை மாதிரி வளைத்த வீடு. உள்ளே மடக்குக் கட்டில், கைகழுவும் தொட்டி, சின்ன அலமாரி, கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. கல்லாய்ப்போன சிப்பிகளைக் காரை ஊர்ப் பக்கம் பொறுக்கிக்கொண்டே இருந்தவன், சண்டை வந்ததும் வீட்டைப் பயணியர் விடுதிக்குப் பின்னால் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனான். வரவில்லை. முட்டை வண்டி நாற்பது வருஷம் அங்கேயே நின்றது. சட்டத்தைக் கரையான் தின்றது, சக்கரம் மண்ணில் புதைந்தது, உள்ளே ஒரு சாரைப்பாம்பு மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்தியது. இடத்தை அடைக்கிறது, எவனாவது எடுத்துப் போனால் புண்ணியம் என்று அங்கே சொன்னார்கள். உத்திராபதி எடுத்துப் போனான். பாம்பு பட்டறை வாசல் வரைக்கும் கூடவே வந்து, உப்பு வாடை பிடிக்காமல் திரும்பிவிட்டது.

அவன் பெண்சாதி ஆண்டாயி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"இத எதுக்குங்க இழுத்துட்டு வந்தீங்க?"

"குச்சு" என்றான்.

"என்னது?"

"அக்கா மவ, சின்னவ அமிர்தவல்லிக்கு. அவ பெரியவளாவுறதுக்குள்ள ரெடி பண்ணிடுவேன். சேறு, பாறை, ஓடை எது வந்தாலும் நிக்காம ஊருக்குள்ள போயி நிக்கும்."

"பச்சை ஓலையில கட்டுனாத்தான் குச்சு. தகரத்துல கட்டுனா அதுக்குப் பேரு பொட்டிக்கடை. நாலு பீடிக்கட்டத் தொங்கவுடுங்க, யாவாரமாவது ஆவும்."

"மேல ஓலை போட்டுக்குவேன்."

"ஓலைய வெட்டித் தலையில வச்சுக்கிட்டு அஞ்சு மைலு நடந்தா தீந்துபோற சங்கதி. அதுக்குத் துப்பில்லாம வூட்டுக்குச் சக்கரம் வைக்கிறாராம்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. சரியான வார்த்தைக்கு வியர்வை இரண்டு மடங்கு. ஒரு ஓலையைத் தலையில் வைக்க வெட்கப்பட்டவன், வெட்கப்பட்டதற்காக வெட்கப்பட்டு, இப்போது அதே ஓலையோடு அதே ஊருக்குள் நடந்து போகவும் வெட்கப்பட்டான். அன்றைக்கு வராதவன் இன்றைக்குச் சுமந்துகொண்டு வருகிறான் பார் என்று நாலு பேர் சொல்வார்களே. அதற்குப் பதிலாக ஒரு வீட்டையே மலைமேல் ஏற்றச் சொன்னாலும் ஏற்றுவான். மனுஷன் அப்படித்தான்.

வேலை ஐந்து வருஷம் நடந்தது. கரையான் தின்ற சட்டத்தைப் பிரித்துப் போட்டுக் கருவேலங்கட்டையில் புதுச் சட்டம் செய்தான். அந்தக் கட்டையில் ஆணி இறங்காது, துளை போட்டு நட்டு போல்ட்டு முடுக்கினான். அடியில் லாரியின் இரும்புச் சேனல் இரண்டு கொடுத்தான். வெள்ளைக்காரன் வைத்த சக்கரம் தார் ரோட்டுக்கான பொம்மைச் சக்கரம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மிலிட்டரி ஜீப்பின் பழைய ஆக்சிலை வாங்கி மாட்டி, குலுக்கலைத் தாங்குகிற வில்பட்டைகளை ஆக்சிலுக்கு மேலே வருகிற மாதிரி மாற்றிப் பூட்டினான். வண்டி ஒரு முழம் எழும்பி நின்றது. தார் டிரம்மை வெட்டி நிமிர்த்தி வயிற்றுப் பக்கம் முழுவதும் தகடு அடித்தான், பாறை இடித்தால் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. ஓடையிலிருந்து ஏறும்போது பின்புறம் தரையில் உரசும் என்பதற்காக முட்டையின் வாலை அறுத்து மேலே தூக்கி வளைத்தான். கொக்கியையும் மாற்றினான். டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டி மறுபக்கம் சாய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாமல் திரும்புகிற மாதிரி, வளையமும் முளையுமாக ஒன்றைத் தானே அடித்துச் செய்தான். கரிசல் புழுதி தலைமுடி நுழையாத சந்திலும் நுழையும் என்பதால் கதவுக்கும் ஜன்னலுக்கும் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, மற்ற எல்லா இடுக்கிலும் தார் காய்ச்சி ஊற்றினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் கேட்காது. ஆண்டாயியோடு சண்டை வந்தால் அவன் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வான். ஜன்னல் வழியாக அவள் வாய் அசைவது மட்டும் தெரியும். அதைப் போல நிம்மதி வேறில்லை என்று லாரி டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

வில்பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆண்டாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். உறை ஊற்றிய பால் சட்டியை உள்ளே அலமாரியில் வைத்து, வண்டியை ஏரிக்குள் பாறைமேல் ஒரு சுற்று இழுத்து வரச் சொன்னாள். தயிர் உடையாமல் இருந்தால் உள்ளே உட்காருகிற பெண்ணுக்கும் இடுப்பு உடையாது என்பது அவள் கணக்கு. முதல் தடவை மோராகி வந்தது. அடுத்த தடவை வெண்ணெயே திரண்டு மிதந்தது. "இனி மத்து வாங்க வேணாம், வாரம் ஒருக்கா ஏரிக்கு ஓட்டிட்டுப் போங்க" என்றாள். அவன் ஒரு பட்டையை உருவினான், மறுபடி ஒன்றைச் சேர்த்தான், மூட்டை மூட்டையாக மணல் ஏற்றி இறக்கிப் பார்த்தான். மூன்றாம் வருஷத்து முடிவில் தயிர், தட்டில் கவிழ்த்தால் சட்டியின் வடிவத்திலேயே உட்கார்ந்தது. நாலாம் வருஷத்தில் அந்த வண்டித் தயிரை ஆணியில் மாட்டி வைக்கலாம், வேண்டும்போது அரிந்துகொள்ளலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. எல்லாம் சேற்றுக்காகச் செய்தது. எண்பத்திரண்டில் மழை அடியோடு பொய்த்தது. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர்கள் ஏற்றுவதற்குக் கரும்பில்லாமல் நின்றன. சேறு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான், சித்திரையில் ஒரு சாயங்காலம், அரியலூர் பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் பட்டறைப் பக்கம் குனிந்து சொன்னார். "உத்திராபதி அண்ணே, ஒங்க அக்கா மவ சின்னவ வயசுக்கு வந்துடுச்சாம். மலர்கொடி சொல்லச் சொன்னுச்சு."

லாரிக்குக் கீழே இருந்து கேட்டான். "வரச் சொன்னுச்சா?"

"அதெல்லாம் சொல்லல. சொல்லத்தான் சொன்னுச்சு" என்று விசில் கொடுத்துவிட்டுப் போனார்.

மழையில் நனைந்தவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள். உத்திராபதிக்கு அன்றைக்கு ஊற்றிய வியர்வையில் பட்டறையில் இருந்த ஸ்பேனர்கள் மிதந்தன என்பார்கள். இருட்டுமுன் பனையேறிப் பச்சை ஓலையைத் தன் கையால் வெட்டினான். முட்டை வண்டியின் மேலே அடுக்கிக் கட்டினான். கரும்பு டிராக்டர் ஓட்டுகிற மதுரைவீரனைப் பிடித்தான். விடியும்போது, டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, புறப்பட்டான். ஆண்டாயி வாசலில் நின்று, "இப்பத்தான் சேறே இல்லையே, நடந்தே போயிட்டு வரலாம்" என்றாள். பிறகு தயிர்ச்சட்டியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள்.

அரியலூர் ரோட்டை விட்டுப் பிரிந்ததும் முட்டை வண்டி தன் குணத்தைக் காட்டியது. பாறைமேல் ஏறியது, வாய்க்காலில் இறங்கியது, ஒரு சக்கரம் வானத்திலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாகப் போனது. உள்ளே ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை. காரைப் பள்ளங்கள் வந்தன. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமாக, யாரோ பெரிய நகத்தால் கீறிவிட்ட மாதிரி கிடக்கிற பூமி. புல் முளைக்காது. கண்ணாடிக்கல் மினுங்கும். காலில் தட்டுப்படுகிற கல்லெல்லாம் சிப்பி, நத்தை, மீன்முள் வடிவத்தில் இருக்கும். முன்னொரு யுகத்தில் கடல் அங்கே இருந்தது, ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்பது ஆடு மேய்க்கிறவர்கள் வரைக்கும் தெரிந்ததுதான். மதுரைவீரன் ஒரு மேட்டின் உச்சியில் டிராக்டரை நிறுத்தினான். வெள்ளாங்குறிச்சியின் வேப்பமரத் தலை தெரிந்தது.

"என்னண்ணே, இப்பவே ஒங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்றான்.

உத்திராபதி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகளில் இருந்து தண்ணீர் சொட்டாமல் ஒழுகி, ஓடி, மேட்டை விட்டு இறங்கிப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் மண் லேசாகக் குமிழியிட்டது. பிறகு கீழே இருந்து, பானையில் தண்ணீர் நிறைவது போல, சத்தமில்லாமல், பள்ளங்கள் நிறைய ஆரம்பித்தன. பச்சைத் தண்ணீர். மீன் வாடை. கல் சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்து, நெடுநாள் தூங்கியவர்கள் போல ஒரு தரம் மூடித் திறந்தன. காலைச் சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. பட்டப்பகலில், வறட்சி வருஷத்தில், காரைப் பள்ளத்தில் கடல் வந்து நின்று அலையடித்தது. சொல்லாமல் போன உறவு திரும்பி வரக் கூச்சப்படும், தன்னைப் போல ஒருத்தன் வருகிறான் என்று தெரிந்ததும் துணைக்குக் கிளம்பி வந்துவிட்டது என்று பிற்பாடு அந்தப் பக்கத்தில் விளக்கம் சொன்னார்கள். அதைவிட நல்ல விளக்கம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

மதுரைவீரன் டிராக்டர் சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டான். "அண்ணே, எறையூர் ஆலைக்குப் போற வண்டி இது. நீச்சல் தெரியாது. திரும்பிடலாம்."

திரும்புவதற்கும் ஒரு வெட்கம் வேண்டும், அது அவனிடம் தீர்ந்துவிட்டிருந்தது. உத்திராபதி இறங்கி, முளையை உருவி, முட்டை வண்டியைக் கழற்றித் தண்ணீருக்குள் தள்ளினான். புழுதிக்காகக் காய்ச்சி ஊற்றிய தார் அன்றைக்குத் தண்ணீரைத் தடுத்தது. வண்டி வாத்து மாதிரி மிதந்தது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் முன்னால் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. டெரிலின் சட்டை காற்றடைத்து உப்பி, பிறகு அடங்கிப்போனது. முதல் அலையில் கட்டு அவிழ்ந்து ஓலைகள் தண்ணீரில் சரிந்தன. அவன் ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்துச் சேர்த்தான். வைப்பதற்கு வேறு இடமில்லாததால் தலையில் வைத்துக்கொண்டான். பேர் தெரியாத மீன்கள், முகத்தில் எலும்பு புடைத்தவை, அருகில் வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒன்றும் சிரிக்கவில்லை. சில இடத்தில் நடந்தான், சில இடத்தில் ஒரு கையால் ஓலையைப் பிடித்தபடி நீந்தினான். பின்னால் ஒரு வீடு அமைதியாக வந்துகொண்டிருந்தது. கரிசல் காட்டு வரப்பு வந்ததும் கடல் முட்டை வண்டியை மெதுவாகத் தரையில் உட்காரவைத்துவிட்டு, ஏதோ வேலை ஞாபகம் வந்தது போலப் பின்வாங்கியது. அவன் திரும்பிப் பார்த்தபோது காய்ந்த பள்ளமும், தூரத்தில் ஒரு மேட்டின் மேல் டிராக்டர் சீட்டில் நின்றுகொண்டிருந்த மதுரைவீரனும்தான் மிச்சம்.

வரப்பிலிருந்து ஊர் கூப்பிடு தூரம், இறக்கமான வழி. தலையில் ஓலையும் இடுப்பில் கயிறுமாக, பின்னால் உருண்டு வருகிற முட்டையோடு அவன் ஊருக்குள் நுழைந்தபோது, செங்கமலம் வீட்டு வாசலில் சடங்குக்கு வந்த கூட்டம் நின்றிருந்தது. அமிர்தவல்லி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு சேலைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காளுக்கு மழை, தங்கைக்கு வெயில். குச்சு வந்தால்தான் அவளுக்குக் கூரை. செங்கமலம் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"யாரு கொண்டாந்தது?"

"நாந்தாங்க்கா."

கூட்டத்திலிருந்து நடராசன் முன்னால் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிக்குக் குழி அடிக்கிறவர். தினம் உடைக்கிற கல்லில் தினம் சிப்பி கிடக்கும், "கல்லு அப்பிடித்தான் முளைக்கும்" என்பார். சாமியாடி குறி சொன்னால், அதைக் காதில் வாங்காமல் அவன் பல்லை எண்ணிக்கொண்டிருப்பார். கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டுவிட்டு, தொட்ட கையை முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்தார்.

"ரெண்டு டன்னு இருக்கும். இத ஒத்த ஆளு இழுத்தானாம். டிராக்டர் சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. முக்குல நிறுத்திட்டு, கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு, ஓலையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு வந்துட்டாரு. அன்னிக்கு ஆளு விட்டாரு, இன்னிக்கு டிராக்டர் விட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

"டிராக்டர் மேட்டோட நின்னுபோச்சு மாமா. அதுக்கப்பறம் தண்ணியில மிதந்துச்சு. நாந்தான் இழுத்தேன்."

"எந்தத் தண்ணியில?"

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டான். "கடல் தண்ணியில."

கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர் சிரிப்பில் வெற்றிலையை விழுங்கிவிட்டார். சட்டை நனைந்திருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். கிணற்றில் விழுந்திருப்பான் என்றார் இன்னொருவர். எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எனக்கும் சொல், இரண்டு குடம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள் ஒருத்தி. தாய்மாமன் பொய் சொல்லிக் கட்டுகிற குச்சு, கூலியாள் கட்டிய குச்சைவிட மோசம். அது செங்கமலத்துக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். சேலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தவளுக்கும் தெரியும். மலர்கொடி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மாமன் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை.

செங்கமலம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, காலையில அந்தப் பள்ளத்துப் பக்கந்தான போனீங்க. வூடு பூரா பொம்பளைங்களா இருக்குன்னு தூரமாப் போறேன்னீங்க. தண்ணி இருந்துச்சா?"

"அங்க என்னா தண்ணி இருக்கும்?"

"வேட்டி கட்டிக்கிட்டுப் போனீங்க. துண்டக் கட்டிக்கிட்டு வந்தீங்க. கேட்டா முள்ளுல கிழிஞ்சுடுச்சுன்னீங்க. கிழிஞ்ச வேட்டி எங்க?"

நடராசன் இடுப்புத் துண்டைக் கையால் பிடித்துக்கொண்டார். கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கம் கழுத்தைத் திருப்பியது. அவருடைய காது மடல் செங்கல் நிறத்துக்கு வந்தது. நெற்றியில் முத்து முத்தாக ஏதோ கிளம்பியது. அதை அந்தக் கூட்டத்திலேயே ஒருவனுக்குத்தான் அடையாளம் தெரியும்.

"விடுக்கா" என்றான் உத்திராபதி. "நான் பொய் சொல்லிட்டேன். டிராக்டர்தான் இழுத்துச்சு. மாமா சொல்றதுதான் நெசம்."

சொல்லிவிட்டுக் குனிந்து, தலையிலிருந்து இறக்கிய ஓலைகளை மறுபடி சேர்த்துக் கட்டினான். கட்டைத் தூக்கித் தலையில் வைத்தான். ஐந்து மைல் நடந்து ரோட்டுக்குப் போக வேண்டும், அத்தனை பேர் பார்க்க. செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நாலு எட்டு வைத்திருப்பான்.

"டேய் மாப்ள, நில்லு" என்றார் நடராசன்.

அவர் யாரையும் பார்க்காமல், மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பார்த்துப் பேசினார். கல்லில் குழி அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியாக.

"வேலிக்காத்தான் மறைவுல உக்காந்திருந்தேன். பின்னாடி சளசளன்னு சத்தம். ஆடுன்னு நெனைச்சேன். மொதல்ல சொம்பு போச்சு. எட்டிப் புடிக்கப் போனேன், வேட்டியும் போச்சு. நான் கெளையப் புடிச்சுக்கிட்டு நின்னேன், இடுப்பு வரைக்கும் தண்ணி. இவன் ஓலைய வச்சுக்கிட்டு, பின்னால இந்த முட்டையோட, பத்தடி தூரத்துல போனான். என்னையப் பாத்தான். நான் நின்ன கோலத்தப் பாத்துட்டு, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். இங்க இத்தன பேரு சிரிச்சப்ப, மாமாவக் கேளுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. இப்பவும் எனக்காவத்தான் பொய் சொல்றான்."

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கடலுதான். வாயில கொஞ்சம் போயிடுச்சு, உப்பாத்தான் இருந்துச்சு. அவந்தான் இழுத்தான். குச்சக் கட்டச் சொல்லு, புள்ள வெயில்ல உக்காந்திருக்கு."